அடிக்கடி கழன்றுபோகும் தோள்மூட்டு: முதல் நாளிலிருந்து என்ன செய்வது

தோள்மூட்டு கழன்று, வைத்தியசாலையில் திரும்ப உள்ளே போட்டு, கையைக் கழுத்தோடு தொங்கக் கட்டி அனுப்பியிருப்பார்கள். இரண்டு மூன்று கிழமையில் நோ அடங்கிவிடும். கட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு பழையபடி மெக்கெய்சர் மைதானத்துக்கோ கடலுக்கோ போய்விடுவார்கள். அப்புறம் இரண்டாம் தடவை கழலும். சிலருக்கு மூன்றாம் நான்காம் தடவைக்குப் பிறகு நித்திரையில் புரண்டாலே கழலுகிற நிலைமை வந்துவிடும்.

நான் திருகோணமலையில் பிசியோதெரபி வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப்பேர் இரண்டாம் தடவைக்குப் பிறகுதான் வருகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. முதல் தடவை கழன்ற பிறகு வருகிற மூன்று நான்கு மாதம்தான் உண்மையில் வைத்தியம் நடக்கவேண்டிய காலம். மூட்டை உள்ளே போட்டது வைத்தியத்தின் தொடக்கம் மட்டும்தான். அந்த மாதங்களில் என்ன செய்யவேண்டும் என்று ஒருவரும் விளக்கமாகச் சொல்லவில்லை என்றால் இதைப் படியுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

தோளில் மேற்கை எலும்பின் தலை உருண்டையாக, பெரிதாக இருக்கும். அது உட்காருகிற குழி தோட்பட்டை எலும்பில் இருக்கிறது, ஆனால் மிகச் சின்னது, ஆழமும் இல்லை. கார்த்திகை விளக்குச் சிட்டியின் மேல் ஒரு தோடம்பழத்தை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. எந்த நேரத்திலும் உருண்டையின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இடுப்பு மூட்டு அப்படியில்லை, அங்கே உருண்டை ஆழமாகப் புதைந்திருக்கிறது. கையை எல்லாத் திசைக்கும் சுழற்ற முடிவது இந்த ஆழமில்லாத குழியால்தான், கழலுவதும் அதனால்தான்.

குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது, அதை லேப்ரம் என்பார்கள், குழியைக் கிட்டத்தட்ட இன்னொரு பாதி ஆழமாக்குவது அதுதான். அதற்கு வெளியே மூட்டுறையும், எலும்பை எலும்போடு பிணைக்கிற இணைநாண்களும். அதற்கும் வெளியே ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு தசைகள் உருண்டையைச் சுற்றிப் பிடித்து, கை எந்தப் பக்கம் போனாலும் அதைக் குழியின் நடுவுக்கே அழுத்திக்கொண்டிருக்கின்றன. வளையமும் இணைநாணும் கிழிந்தால் பயிற்சியால் ஒட்டவைக்க முடியாது. தசைகளைப் பலப்படுத்த முடியும். கீழே சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

கழன்ற தோள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முன்பக்கமாகவே கழலுகின்றன. கை பக்கவாட்டில் தூக்கி, பின்னுக்கும் வெளிப்பக்கமும் திரும்பியிருக்கும்போதுதான் அது நடக்கும், அதாவது பந்து எறியக் கையைப் பின்னுக்குக் கொண்டுபோகிற அந்த நிலை. அப்படிக் கழலும்போது முன்பக்க வளையம் எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். 1923இல் இதை விளக்கி எழுதிய ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் பாங்கார்ட்டின் பெயரையே அந்தக் காயத்துக்கு வைத்திருக்கிறார்கள். உருண்டையின் பின்பக்கம் குழியின் விளிம்பில் மோதி நசுங்கி ஒரு பள்ளமும் விழும், அது ஹில்–சாக்ஸ் காயம். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் இந்தப் பெயர்களைப் பார்த்துப் பயப்படவேண்டாம், கழன்ற தோளில் இவை இருப்பது சாதாரணம். எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி.

உங்களுடையது எந்த வகை

எல்லாருடைய தோளும் ஒரே காரணத்தால் கழலுவதில்லை, வகையைப் பொறுத்து வைத்தியமும் மாறும். விழுந்தோ அடிபட்டோ இழுபட்டோ முதல்தடவை கழன்றது என்றால், உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அடியும் படாமல், உடுப்புக் காயப்போடக் கையைத் தூக்கும்போதே மூட்டு நழுவுகிறது, இரண்டு தோளும் அப்படித்தான் என்றால் அது வேறு கதை. இவர்களில் பலருக்குப் பிறப்பிலேயே மூட்டுகள் நெகிழ்வானவை. பெருவிரலை மடக்கி முன்னங்கையில் தொட முடிகிறதா, சின்னவிரல் பின்னுக்கு 90 பாகைக்கு மேல் வளைகிறதா, முழங்கை நேருக்கும் அப்பால் பின்னால் வளைகிறதா, முழங்கால் மடிக்காமல் குனிந்து உள்ளங்கை இரண்டையும் தரையில் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். இவற்றில் பல ஆமாம் என்றால் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகைக்குப் பயிற்சிதான் முதல் வைத்தியம், கத்தி வைப்பதற்கு அவசரப்படக்கூடாது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் தோளைத் தாங்களாகவே கழற்றி மாட்டிக் கூட்டாளிமாருக்குக் காட்டுவார்கள். அம்மாமார் கவனிக்கவேண்டும், அதை ஒரு பழக்கமாக வளரவிடாதீர்கள். ஏசாமல், ஏன் கூடாது என்று சொல்லி நிறுத்துங்கள்.

பின்பக்கமாகக் கழலுவது அரிது, ஆனால் தவறிப்போவது சுலபம். வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் அப்படி ஆகும். கை உட்பக்கமாகத் திரும்பி நெஞ்சோடு பூட்டிக்கொண்டிருக்கும், உள்ளங்கையை வெளியே திருப்பவே முடியாது. முன்னிருந்து எடுத்த ஒரு எக்ஸ்ரேயில் பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரியே தெரியலாம். வலிப்புக்குப் பிறகு தோள் நோ போகவில்லை என்றால், பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுத்தீர்களா என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

கழன்ற நேரத்தில்

யாரும் இழுக்கக்கூடாது. மைதானத்தில் நிற்கிற அண்ணாவோ, “நான் முதலும் இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறேன்” என்கிற மாமாவோ, யாரும் வேண்டாம். கழன்றதோடு எலும்பு உடைந்தும் இருக்கலாம், அதை எக்ஸ்ரே இல்லாமல் கண்ணால் சொல்ல முடியாது. உடைந்த எலும்பை இழுத்தால் பக்கத்தில் போகிற நரம்பும் இரத்தக்குழாயும் சேர்ந்து காயப்படும்.

கை எந்த நிலையில் நோ குறைவாக இருக்கிறதோ அதே நிலையில் விடுங்கள். உடம்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு தலையணையோ சுருட்டிய துவாயோ வைத்து, சால்வையாலோ சாரத்தாலோ தாங்கிக் கட்டுங்கள். மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், பிறகு கை வீங்கினால் வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். ஐஸை ஒரு துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் மூட்டை உள்ளே போட மயக்க மருந்து கொடுக்கவேண்டி வரலாம். பாவம் என்று பிளேன்ரீ ஊற்றிக் கொடுக்கிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

ஓட்டோவில் போகக்கூடிய தூரம் என்றால் மெதுவாகப் போங்கள், இல்லையென்றால் 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். விரல்கள் குளிர்ந்து வெளிறினால், விரலை அசைக்க முடியாவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்கவேண்டாம். தோளின் வெளிப்பக்கம், பொலிஸ்காரர் சீருடையில் பட்டி குத்துகிற அந்த இடம், விறைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து அதையும் அங்கே சொல்லுங்கள். அந்த இடத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு மூட்டை ஒட்டியே போகிறது, கழலும்போது அடிக்கடி இழுபடுகிறது. பெரும்பாலும் சில மாதத்தில் தானாகத் தேறிவிடும், ஆனால் முதல் நாளே எழுத்தில் இருக்கவேண்டும்.

முறிவு நெரிவு பார்க்கிறவர்களிடம் போகலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கைப்பழக்கத்துக்கு உள்ள மதிப்பு எனக்குத் தெரியும், நான் அவமதிக்கவில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு உடையவில்லை என்றும் மூட்டு உள்ளே இருக்கிறது என்றும் உறுதியான பிறகுதான் வேறு யோசனை. கழன்ற தோளுக்கு எண்ணெய் போட்டு உருவி, இறங்கும் இறங்கும் என்று கிழமைக்கணக்கில் காத்திருந்தால், அப்புறம் சத்திரசிகிச்சை இல்லாமல் உள்ளே போடுவது மிகவும் கஷ்டம்.

உள்ளே போட்ட பிறகு முதல் மூன்று கிழமை

தொங்குகட்டு ஒன்றிலிருந்து மூன்று கிழமை வரைக்கும்தான், எவ்வளவு என்று உங்கள் வைத்தியர் சொல்வார். கூடுதல் நாள் கட்டினால் கூடுதல் பலம் வரும் என்று ஆறு கிழமை, எட்டுக் கிழமை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தோள் இறுகிப்போவதைத் தவிர அதில் பெரிய பலன் இல்லை, முக்கியமாக 40 வயது தாண்டியவர்களுக்கு.

கட்டுக்குள் இருக்கும்போதும் விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் நாளைக்குப் பலதடவை அசைக்கவேண்டும். நித்திரை கொள்ளும்போது நிமிர்ந்து படுத்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். குப்புறப் படுப்பதும், கையைத் தலைக்கு மேலே போட்டுப் படுப்பதும் கூடாது. சேட்டுப் போடும்போது நோகிற கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். என்னிடம் முதல்நாள் வருகிறவர் சேட்டைக் கழற்றுகிற விதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நல்ல கையை மேலே தூக்கி, சேட்டைத் தலைக்கு மேலால் இழுத்து, நோகிற கையைப் பின்னுக்குத் தள்ளி உதறுகிறவரிடம் எக்ஸ்ரே பற்றிப் பேசுவதற்கு முதல் சேட்டுக் கழற்றுவதைத்தான் சொல்லிக் கொடுக்கவேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தத் தோளை அவரே கழலுகிற நிலைக்குக் கொண்டுபோகிறார்.

40க்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. உங்களுக்கு மறுபடி கழலுகிற வாய்ப்பு இளம் வயதுக்காரரைவிடக் குறைவு, ஆனால் தசைநாண் கிழிந்திருக்கிற வாய்ப்புக் கூட. இரண்டு மூன்று கிழமை கழித்தும் கையை நீங்களாகத் தூக்க முடியவில்லை என்றால் ஸ்கேன் கேளுங்கள். வயது போனால் அப்படித்தான் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

பயிற்சி

இதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். நான் சொல்வது பொதுவான ஒழுங்கு. உங்கள் பிசியோ மாற்றிச் சொன்னால் அதைக் கேளுங்கள், சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் காலக்கணக்கும் வேறு.

தொடக்கத்தில், சுவருக்குப் பக்கத்தில் நின்று முழங்கையை 90 பாகைக்கு மடித்து விலாவோடு ஒட்டி, புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாக மெல்ல அழுத்துங்கள். கை அசையக்கூடாது, தசை மட்டும் இறுகவேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. அப்புறம் உள்ளங்கையால் உட்பக்கமாக, கதவு நிலையில் அழுத்தி அதே மாதிரி. முழு பலத்தோடு வேண்டாம், கால்வாசி பலம் போதும்.

மூன்றாம் கிழமைக்குப் பிறகு, வைத்தியர் விட்டால், இழுவைப் பட்டியைத் தொடங்கலாம். கடையில் வாங்க வசதியில்லையென்றால் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை நீளமாக வெட்டி யன்னல் கம்பியில் கட்டுங்கள், என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் அதைத்தான் பாவிக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. டியூப் மிகவும் இறுக்கமாக இருந்தால் நீளத்தைக் கூட்டுங்கள். அக்குளுக்குள் ஒரு சின்னத் துவாயைச் சுருட்டி வையுங்கள், முழங்கை உடம்பைவிட்டு விலகினால் துவாய் விழும், பிழை உடனே தெரியும். முன்னங்கையை வயிற்றிலிருந்து வெளியே மெதுவாகத் திருப்புங்கள், திரும்பி வரும்போது இன்னும் மெதுவாக. வெளியே நேராக முன்னுக்கு வருகிற அளவு போதும், அதற்குமேல் பின்னுக்குப் போகவேண்டாம். பத்துப் பன்னிரண்டு தடவை, இடையில் ஓய்வு விட்டு மூன்று முறை. இரண்டாவது, டியூபை இரண்டு கையாலும் பிடித்து முழங்கையைப் பின்னுக்கு இழுத்து, தோட்பட்டைகளை ஒன்றுக்கொன்று கிட்டக் கொண்டுவருவது. தோள் காதுப்பக்கம் ஏறுகிறதா என்று ஒரு கண்ணாடியில் பாருங்கள். ஏறினால் வேலை செய்யவேண்டிய தசை சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது சுவரில் உள்ளங்கைகளை வைத்துத் தள்ளுவது. அது சுலபமானதும் மேசை விளிம்பில், அப்புறம் தரையில் நான்கு காலில் நின்று ஒரு கையை எடுத்து மற்றக் கையில் பாரத்தைத் தாங்குவது. உள்ளங்கையில் பாரம் விழும்போது அந்த நான்கு தசைகளும் சேர்ந்து மூட்டை இறுக்கிப் பிடிக்கப் பழகுகின்றன, அதனால் இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். தலைக்கு மேலே தூக்குகிற பயிற்சி இரண்டு மாதத்துக்குப் பிறகுதான், அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலோடு தொடங்கினால் போதும், அது அரைக் கிலோ.

தசை களைத்து நோகிறது என்றால் பரவாயில்லை, அடுத்தநாள் போய்விடும். மூட்டுக்குள்ளே குத்துகிற நோ வந்தால் நிறுத்துங்கள். இன்னொன்று இருக்கிறது, உப்புவெளிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு தம்பி கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி வெளியே திருப்பத் தொடங்கியதும் முகம் மாறி, மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், நோகேல்ல, ஆனா கழண்டிரும்போல இருக்கு” என்பார். அந்தப் பயத்தை நாங்கள் சோதனையாகவே வைத்திருக்கிறோம். நோ இல்லாவிட்டாலும், அந்த உணர்வு வருகிற கோணத்தை இப்போதைக்குத் தாண்டக்கூடாது. கிழமைகள் போகப் போக அந்தக் கோணம் பின்னுக்கு நகரும், அதுதான் முன்னேற்றம்.

கடல் வேலை, பஸ், கிணறு, கோயில்

கடற்தொழில் செய்கிறவர்களுக்கு மிகவும் ஆபத்தானது வெளி என்ஜினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது. கயிறு நீளமாக வரும்போது முழங்கை உயர்ந்து தோளுக்குப் பின்னால் போகிறது, அந்த நேரம் என்ஜின் திருப்பி இழுத்தால் தோள் அதோடு போய்விடும். நல்ல கையால் இழுங்கள், அல்லது கூட வருகிறவர் இழுக்கட்டும். அது முடியாத நாள், காலை ஊன்றி, முழங்கையை இடுப்போடு வைத்து உடம்பைத் திருப்பி இழுங்கள். வீச்சுவலை வீசுகிறபோது கை பின்னுக்குப் போய்ச் சுழன்று வருகிறது, குறைந்தது நான்கு மாதம் வேண்டாம். கரைவலை இழுக்கிறபோது கை தாழ்ந்து உடம்புக்கு முன்னால் இருப்பதால் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அலை வலையை வெடுக்கென்று இழுக்கிற நேரம் கயிற்றைக் கையில் சுற்றியிருக்கக்கூடாது.

தோள் ஒருதடவை கழன்றவர் ஆழக்கடலில் தனியாக நீந்தக்கூடாது, இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கரையில் கழன்றால் நோ மட்டும்தான், தண்ணீரில் கழன்றால் மூழ்கிவிடலாம். புறாமலைக்குப் போனாலும் நிலாவெளியில் குளித்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். படகில் ஏறும்போது கையை மேலே கொடுத்துத் தூக்கச்சொல்லாதீர்கள், ஏணி பிடித்து ஏறுங்கள்.

பஸ்ஸில் மேல்கம்பியை நல்ல கையால் பிடியுங்கள், இடம் இருந்தால் இருக்கைக் கம்பியைப் பிடிப்பது இன்னும் நல்லது, கந்தளாய்ப் பக்கம் போகிற வேகத்தில் ஒரு பிரேக் போதும். கிணற்றில் கப்பியை எட்டிப் பிடிக்காமல் கிட்ட நின்று நெஞ்சளவில் இழுங்கள். உடுப்புக்கொடியைத் தோளுயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். பத்திரகாளி அம்மன் கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற ஆசை இருந்தால், நேர்த்தி இருந்தால், கூட்டம் பின்னால் தள்ளுகிற நடுப்பகுதியை விட்டு ஓரமாக நின்று, கையைத் தாழ்த்தித் தொட்டுக் கும்பிடுங்கள். அம்மாளாச்சி கோபிக்கமாட்டா.

கரப்பந்தில் அடிக்கிறவர்களுக்கும் வேகப்பந்து வீசுகிறவர்களுக்கும்: நோ இல்லை என்பது மட்டும் திரும்பிப் போகப் போதாது. அசைவு முழுவதாக வரவேண்டும், பலம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும், எறிகிற நிலையில் அந்தக் கழலுகிற பயம் இருக்கக்கூடாது. இந்த மூன்றும் சரிவர மூன்று நான்கு மாதம் எடுக்கும், சிலருக்கு அதற்கும் மேலே. போட்டி இந்தக் கிழமை என்று மாஸ்டர் கேட்டால் இதைக் காட்டுங்கள்.

சத்திரசிகிச்சை எப்போது

20 வயதுக்குக் கீழே, எறிகிற அல்லது மோதுகிற விளையாட்டு விளையாடுகிற ஒருவருக்கு அடிபட்டுக் கழன்றால், பயிற்சி செய்தாலும் மறுபடி கழலுகிற வாய்ப்பு மிக அதிகம். அவர்களுக்கு முதல் தடவையிலேயே எலும்பு மூட்டு வைத்திய நிபுணரோடு சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவது நியாயம். மற்றவர்களுக்கு, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் திரும்பத் திரும்பக் கழன்றால் யோசிக்கலாம். ஒவ்வொரு தடவை கழலும்போதும் குழியின் முன்விளிம்பு கொஞ்சம் தேய்கிறது, அதனால் வருடக்கணக்கில் சமாளித்துக்கொண்டே போவது நல்லதல்ல.

பொதுவாக நுண்துளை வழியாகப் பிய்ந்த வளையத்தை எலும்போடு சேர்த்துத் தைப்பார்கள். குழியின் எலும்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் அது தாங்காது. அப்போது தோட்பட்டையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன எலும்பை அதோடு ஒட்டிய தசைநாணுடன் வெட்டிக் குழியின் விளிம்பில் திருகாணியால் பொருத்துவார்கள். 1954இல் பிரான்சில் லட்டார்ஜே விளக்கிய முறை இது. எலும்பு எவ்வளவு தேய்ந்தது என்பதை அளக்க சிடி ஸ்கேன் வேண்டும், வளையத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான்கு ஆறு கிழமை கட்டு, அப்புறம் பயிற்சி, விளையாட்டுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். கடலுக்குப் போகிறவர்கள் முடிந்தால் வாடைக்காற்றுக் காலத்தை ஒட்டித் திகதி கேளுங்கள், நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை எங்கள் பக்கம் கடல் எப்படியும் கொந்தளிப்புத்தான், தொழில் இழப்புக் குறையும்.

கிளினிக்குக்குப் போகும்போது

அரச வைத்தியசாலையில் இதற்கெல்லாம் காசில்லை, ஆனால் சனம் நிறைய, உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதனால் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முதல்தடவை கழன்ற திகதி, எப்படிக் கழன்றது, தானாக உள்ளே போனதா, யாராவது போட்டார்களா, இதுவரை எத்தனை தடவை, எந்த அசைவில் பயம் வருகிறது, என்ன தொழில், எந்தக் கை. டயக்னோசிஸ் கார்ட், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள், ஈரம் படவிடாதீர்கள். மூட்டை உள்ளே போட்ட பிறகு எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அது மிகவும் முக்கியம். கடைசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: என்னுடையது கிழிந்த வகையா, நெகிழ்ந்த வகையா? எலும்பு தேய்ந்திருக்கிறதா? பிசியோதெரபிக்கு எழுதித் தருவீர்களா? மூன்றாவதை அவர்கள் மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.